மருத்துவச் சான்றிதழும் நம் மாணவர்களும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிக் கொடைக்கானலில் நடைபெற்ற மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையிலே பெரிய பொருள்களைப் பற்றிப் பேசுவது மரபு. எனக்கு முன் பேசிய அறிஞர்கள் இட ஒதுக்கீட்டைப் பற்றியும், வேலைவாய்ப்பைப் பற்றியும், சமுதாய ஒற்றுமையைப் பற்றியும் விரிவாக எடுத்துரைத்தார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. ஒரு சாண் அகலமுள்ள காகிதம் அது. கல்லூரி மாணவன் நோயுற்று வகுப்புக்கு வராமற்போனால் மருத்துவரிடமிருந்து பெற்றுத் தரவேண்டிய சான்றிதழைப் பற்றியே பேசப் போகிறேன். கல்லூரி அலுவலகமொன்றில் நெடுங்காலம் பணி செய்தவன் என்ற முறையில், இந்தச் சிறு காகிதத்தைப் பற்றிப் பேசும் கடமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

நம் முன்னோர்களுக்குக் கல்விச்சாலையின் கதவு அடைத்துக் கிடந்தது. நமக்கோ கதவு திறந்திருக்கிறது. ஆயினும் உள்ளே நுழைந்த பிள்ளைகளில் பட்டம் பெறாமலே திரும்புவோரும் உண்டு. அறிவுக் குறைவால் திரும்புவோர் அவர்களில் சிலரே. பணமின்மையால் திரும்புவோர் பலர். இவ்விரு வகையிலும் சேராத மூன்றாம் வகையினர் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் நோயால் மூன்று வாரம் படுத்திருந்து, நலம்பெற்றுத் திரும்பி, தேர்வு நுழைவுச் சீட்டு கிடைக்காமல், யாரிடம் என்ன கேட்பது என்றறியாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறி விடுகிறவர்கள். நோய் அவர்களுடைய மூன்று வாரத்தைத்தான் கொண்டுபோயிற்று. ஒரு காகிதம் இல்லாமை அவர்களுடைய ஓராண்டைக் கொண்டுபோய்விடுகிறது. சிலரிடத்தில் வாழ்நாள் படிப்பையே கொண்டுபோய்விடுகிறது.

வருகைக் கணக்கு

தமிழகத்தின் பல கலை, அறிவியல் கல்லூரிகளில் கடைப்பிடிக்கப்படும் விதி இது. ஒரு பருவத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து விழுக்காடு வருகை உள்ளவர் தேர்வு எழுதலாம். அறுபத்தைந்துக்குக் குறையாமலும் எழுபத்தைந்தை எட்டாமலும் இருப்பவர், தக்க காரணமும் மருத்துவச் சான்றிதழும் காட்டி, அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தினால் தேர்வு எழுதலாம். இதனைக் ‘கண்டொனேஷன்’ என்று அலுவலகத்தில் சொல்லுவார்கள். வருகைக் குறைவை மன்னித்தல் என்பது பொருள். ஐம்பதுக்கு மேல், அறுபத்தைந்துக்குக் கீழ் என்றால் அந்தப் பருவத் தேர்வை அப்போது எழுத இயலாது. அடுத்த பருவத்தில்தான் எழுதவேண்டும். ஐம்பதுக்கும் குறைந்தால் அந்தப் பருவத்தையே மறுபடியும் படிக்கவேண்டும். கல்லூரிக்குக் கல்லூரி சிறு வேறுபாடுகள் இருக்கக்கூடும். ஆகவே சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் கல்லூரியின் கையேட்டை வாங்கி, இந்தப் பக்கத்தை இருமுறை படியுங்கள்.

விழுக்காடு என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு விளங்காது. நாள் கணக்காகச் சொல்லுகிறேன். ஒரு பருவத்திற்குத் தொண்ணூறு வேலை நாள் என்று கொள்வோம். இருபத்திரண்டு நாள் வரையில் வராவிட்டாலும் இடரில்லை. இருபத்து மூன்று முதல் முப்பத்தொன்று வரை என்றால் சான்றிதழும் கட்டணமும் வேண்டும். முப்பத்திரண்டாம் நாள் தொடங்கினால் சான்றிதழும் உதவாது.

மேல்மலையிலிருந்து சென்று சமவெளியில் படிக்கும் ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். அவளுக்குக் குடற்காய்ச்சல் வருகிறது. காய்ச்சலும் அதன்பின் வரும் தளர்ச்சியுமாகப் பதினெட்டு வேலை நாள் போய்விடுகிறது. அதற்கு முன்னரே பேருந்து தவறிய திங்கட்கிழமைகள், வீட்டு வேலை, உறவினர் துக்கம் என்று ஒன்பது நாள் போயிருந்தது. மொத்தம் இருபத்தேழு. தொண்ணூறில் அறுபத்து மூன்று நாள் வந்திருக்கிறாள், எழுபது விழுக்காடு. கையில் மருத்துவச் சான்றிதழ் இருந்தால் அவள் தேர்வு எழுதுவாள். இல்லையென்றால் எழுதமாட்டாள். இரண்டு நிலையிலும் நோய் ஒன்றே, படிப்பும் ஒன்றே. வேறுபாடு அந்தக் காகிதம் மட்டுமே.

அண்ணல் காட்டிய வழி

எழுத்து மூலமாக இசைவு பெறுவதன் ஆற்றலை அறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பாபாசாகேப் அம்பேத்கர் அவர்களின் வாழ்வையே பாருங்கள். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில் 1913ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக் கழகம் சென்றார். 1916இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்ப வேண்டிய நெருக்கடி வந்தது.

நம்மில் ஒருவராயிருந்தால், “விதி அவ்வளவுதான்” என்று கப்பலேறியிருப்போம். அண்ணலோ, நான்காண்டுகளுக்குள் திரும்பிவந்து படிப்பைத் தொடரலாம் என்ற இசைவைப் பல்கலைக் கழகத்திடமிருந்து பெற்றுக்கொண்டார். பேராசிரியர் எட்வின் கேனன் அவருக்குத் துணை நின்றார். 1920இல் அண்ணல் மீண்டும் இலண்டன் சென்றார், 1921இல் எம்.எஸ்ஸி. பட்டமும், 1923இல் டி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். அவரை வகுப்பிலிருந்து பிரித்தது நோயன்று, வறுமை. ஆயினும் பாடம் ஒன்றுதான். வகுப்பை விட்டு விலக நேரும்போது, திரும்பி வருவதற்கான உரிமையை முறைப்படி பெற்று வைத்துக்கொண்டு விலகவேண்டும். அண்ணலின் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருக்கும் நாம், அவருடைய இந்த முன்யோசனையையும் நெஞ்சில் மாட்டி வைக்கவேண்டும்.

ஏன் கேட்பதில்லை?

நம் பிள்ளைகள் ஏன் சான்றிதழ் கேட்பதில்லை? நான் கண்டவரையில் காரணங்கள் மூன்று.

முதலாவது, மருத்துவரிடமே செல்வதில்லை. காய்ச்சல் என்றால் கஷாயம். அதற்கும் தணியாவிட்டால் மருந்துக் கடையில் நான்கு மாத்திரை. நெடுங்காலம் வண்டிச் சாலையே இல்லாதிருந்த வெள்ளகவியில் நோயாளியை டோலி கட்டித் தூக்கிச் சென்ற கதையை நீங்கள் அறிவீர்கள். மலைச் சரிவில் பேருந்துக்குக் காத்திருந்து மருத்துவமனை சென்று வருவது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். ஆகவே மக்கள் போகாமலிருப்பதில் வியப்பில்லை. ஆனால் மருந்துக் கடைக்காரர் சான்றிதழ் தர முடியாது. மாத்திரையால் நோய் நீங்கிவிடலாம். வருகைப் பதிவேட்டில் விழுந்த குறி நீங்காது.

இரண்டாவது, மருத்துவரிடம் சென்றாலும் கேட்பதற்குக் கூசுகிறோம். அலுவலகம் என்றாலும், வெள்ளைச் சட்டை என்றாலும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கும் பழக்கம் நம் முன்னோர்மீது சுமத்தப்பட்டது. அந்தக் கூச்சம் இன்னும் நம் நாவில் தங்கியிருக்கிறது. “ஐயா, எனக்கு ஒரு சான்றிதழ் வேண்டும்” என்பது பிச்சைச் சொல்லன்று. மருத்துவர் நோயைக் கண்டார். கண்டதை எழுதித் தருகிறார். அதில் தயவு எங்கே வந்தது? பணிவாகக் கேளுங்கள், ஆனால் குனிந்து கேட்கவேண்டாம்.

மூன்றாவது, கேட்கவேண்டும் என்பதே தெரியாது. அலுவலர் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், அப்பா முதலில் மருந்து வாங்குகிறார். அடுத்து விடுப்புக் கடிதம் எழுதுகிறார். மூன்றாவதாகச் சான்றிதழ் வாங்குகிறார். அவருக்கு அது அன்றாட வழக்கம். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த நம் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர வீட்டில் யாருமில்லை. அந்த ‘யாரும்’ இச்சங்கமாக இருக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

திருவள்ளுவர் மருத்துவத்தின் உறுப்புகளை நான்காகப் பகுத்தார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன். இக்காலத்து மாணவனுக்கு ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் சீட்டு.

சான்றிதழ் பெறும் முறை

மருத்துவமனையில் முதன்முதலாகத் தரும் ஓ.பி. சீட்டு இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிற்கும் வேர். அரசு ஆரம்ப சுகாதார நிலையமாயினும், கொடைக்கானல் அரசு மருத்துவமனையாயினும், திண்டுக்கல், தேனி, மதுரை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளாயினும், அந்தச் சீட்டில் நாள் குறித்திருப்பார்கள். அதைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுத் துவைத்துவிடாதீர்கள். இரத்தப் பரிசோதனைத் தாள், மருந்துச் சீட்டு, படுக்கையில் சேர்ந்திருந்தால் வெளியேறும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரி, இவை அனைத்தையும் ஒரே உறையிலிட்டு வையுங்கள்.

நோயுற்ற முதல் நாளோ மறுநாளோ வகுப்புப் பொறுப்பாசிரியருக்குச் செய்தி தெரிவியுங்கள். தொலைபேசியில் சொன்னாலும், பின்னர் எழுத்திலும் கொடுங்கள். நலம்பெற்றுத் திரும்பிய பிறகு, ‘நான் ஒரு மாதத்திற்கு முன் நோயுற்றிருந்தேன்’ என்று சொல்லும் மாணவனைவிட, நோயுற்ற அன்றே சொன்ன மாணவனை ஆசிரியர் எளிதில் நம்புவார். இது மனித இயல்பு.

சான்றிதழில் என்னென்ன இருக்கவேண்டும்? கல்லூரிப் பதிவேட்டில் உள்ளபடியே உங்கள் பெயரும் தலைப்பெழுத்தும், நோயின் தன்மை, எந்த நாள் முதல் எந்த நாள் வரை ஓய்வு தேவைப்பட்டது, மருத்துவரின் கையொப்பம், பதிவு எண், முத்திரை, தேதி, உங்களுடைய கையொப்பமும் அடையாளக் குறியும். வீட்டில் ‘ராசா’, பள்ளியில் ‘ராஜா’ என்று இரு பெயரோடு உலவுகிறவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்கவேண்டும். திரும்பவும் வகுப்பில் சேரும்போது, உடல் தேறிவிட்டது என்னும் தகுதிச் சான்றிதழையும் சில கல்லூரிகள் கேட்கும். இரண்டையும் ஒரே நடையில் வாங்கிக்கொண்டால் பேருந்துச் செலவு மிச்சம்.

இந்திய மருத்துவக் கழகம் 2002ஆம் ஆண்டு வகுத்த நடத்தை விதிகளை நாம் அறிந்திருப்பது நல்லது. தாம் வழங்கும் சான்றிதழ்களுக்கென்று மருத்துவர் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். நோயாளியின் அடையாளக் குறியை அதில் எழுத வேண்டும். ஒரு படியும் வைத்துக்கொள்ள வேண்டும். சான்றிதழிலும் மருந்துச் சீட்டிலும் தம் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்களின் குறிப்புகளை மூன்றாண்டு காத்துவைக்க வேண்டும்; நோயாளி கேட்டால் எழுபத்திரண்டு மணி நேரத்திற்குள் தர வேண்டும். ஆகவே காகிதம் தொலைந்துவிட்டது என்று கலங்கி உட்காராதீர்கள். சென்று கேளுங்கள்.

சித்த மருத்துவரிடம் சென்றால் ஆகாதா என்று சிலர் கேட்கக்கூடும். நம் அறிவு மரபின் முன்னோடியான அயோத்திதாசப் பண்டிதர் தாமே ஒரு சித்த மருத்துவர். அந்த மருத்துவத்தை நாம் இகழ மாட்டோம். ஆனால் சான்றிதழ் தருகிறவர் முறைப்படி பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அவருடைய சான்றிதழை உங்கள் கல்லூரி ஏற்றுக்கொள்கிறதா என்பதையும் முன்னதாகவே கேட்டறியுங்கள்.

கல்லூரியில் கொடுக்கும்போது ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படியின்மேல் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று அலுவலரிடம் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். “நாளைக்கு வா” என்பவரிடம் நாளைக்கும் போங்கள். ஆனால் கடைசித் தேதி எது என்று இன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றைய நாளில் எழுதிய காகிதத்தின் அருமையை இந்த மலைமக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதே கொடைக்கானலில் 1980களில் தொடங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. அங்கே வேலை செய்ததனால் தம் உடல்நலம் கெட்டது என்று தொழிலாளர்கள் கூறினார்கள்; நிறுவனம் மறுத்தது. உயர்நீதிமன்றம் வரை சென்ற அந்தப் பிணக்கு, 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் ஏற்பட்ட உடன்பாட்டில் முடிந்தது. உடம்பில் வந்த நோயை ஊரறிய மெய்ப்பிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்தப் பதினைந்து ஆண்டுகளே சான்று. நோயை உடல் அறியும். அலுவலகம் எழுத்தையே அறியும்.

பொய்ச் சான்றிதழ் வேண்டா

இனி, சற்றுக் கசப்பான செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். சான்றிதழ் விலைக்குக் கிடைக்கிறது என்று உங்களிடம் யாரேனும் சொல்லக்கூடும். தேதியையும் நோயையும் கேட்பவர் விருப்பப்படி எழுதித் தருவதாகச் சொல்லுவார்கள். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

பொய்ச் சான்றிதழ் தருவதும், பொய்யென்று தெரிந்தே அதைப் பயன்படுத்துவதும் சட்டப்படி குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 197, 198ஆம் பிரிவுகள் அதைக் கூறின. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 234, 235ஆம் பிரிவுகள் அதையே கூறுகின்றன. பொய்ச்சாட்சி சொன்னவனுக்குரிய தண்டனையே இதற்கும் உண்டு. மருத்துவருக்கோ, பதிவேட்டிலிருந்து பெயரே நீக்கப்படும் நிலை வரலாம். ஆகவே, “வராத நாளுக்கு எழுதித் தாருங்கள்” என்று கேட்டு மருத்துவர் மறுத்தால், அவரைக் கல்நெஞ்சர் என்று தூற்றாதீர்கள். தாம் காணாத நோயைக் கண்டதாக எழுத அவரால் இயலாது.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. பொய்ச் சான்றிதழ்கள் பெருகினால், மெய்யாகவே நோயுற்றவன் கொண்டுவரும் சான்றிதழையும் ஐயத்தோடு பார்க்கத் தொடங்குவார்கள். அந்த ஐயம் எல்லார்மீதும் சமமாக விழாது. நம் பிள்ளைகள்மீதுதான் முதலில் விழும். “இவர்கள் இப்படித்தான்” என்று சொல்லக் காத்திருக்கும் வாய்களுக்கு நாமே அவல் எடுத்துக் கொடுக்கலாமா?

மாணவன் வகுப்புக்கு வராத நாள்களெல்லாம் நோய் நாள்கள் அல்ல என்பதையும் ஒளிவின்றிப் பேசுவோம். காபி பறிப்பு நாளில் கூலிக்குப் போனவர்கள் உண்டு. பூண்டு அறுவடைக்கு நின்றவர்கள் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது மரங்கள் விழுந்தும் மண் சரிந்தும் மலைச் சாலைகள் அடைபட்டன. இவை நோயல்ல, இவற்றுக்கு நோய் வேடம் போடவும் கூடாது. சாலை அடைபட்டதென்றால் அதை அப்படியே எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சியிடமோ சான்று பெற்றுக் கொடுக்க முயலுங்கள். கூலிக்குப் போகவேண்டிய நெருக்கடி என்றால் அதை ஆசிரியரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். விடுதியில் இடமோ, வேறு உதவியோ கிடைக்க வழி பிறக்கலாம். இருபத்திரண்டு நாள் இடைவெளி இருக்கிறது என்று சொன்னேனே, அதை இத்தகைய தவிர்க்க முடியாத நாள்களுக்காகச் சேமித்து வையுங்கள். திரைப்படத்திற்கும் திருவிழாவிற்கும் அதைச் செலவழித்தவனுக்கு நோய் வந்தபோது கையிருப்பு இராது.

மாணவியர்க்கு

இம்மலையில், 1984ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக் கழகம் இருக்கிறது. பெண்கல்விக்கென ஒரு பல்கலைக் கழகம் அமைந்த ஊரில் பேசும்போது, பெண்களுக்குரிய உடல்நிலையைப் பற்றிச் சொல்லாமற்போவது முறையன்று. மாதவிலக்கு வலியால் மாதம் இரண்டு நாள் எழ முடியாத மாணவியர் உண்டு. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, காரணமில்லாமல் வராதவர் என்று பெயர் வாங்குகிறார்கள். அண்டை மாநிலமான கேரளத்தில் 2023ஆம் ஆண்டு, மாதவிலக்கைக் கருதி, மாணவியர்க்கு எழுபத்து மூன்று விழுக்காடு வருகை இருந்தாலே போதும் என்ற ஏற்பாடு பல்கலைக் கழகங்களில் செய்யப்பட்டது. பேறுகாலத்தில் இருக்கும் மாணவியர்க்கு விடுப்பும் வருகைச் சலுகையும் தர விதி வகுக்குமாறு பல்கலைக் கழக மானியக் குழு 2021 டிசம்பரில் பல்கலைக் கழகங்களைக் கேட்டுக்கொண்டது. மணமாகிவிட்டது, பிள்ளை பிறக்கப்போகிறது என்பதற்காகப் படிப்பை முற்றாக விட்டுவிட வேண்டியதில்லை. உங்கள் கல்லூரியில் என்ன விதி என்று கேளுங்கள். விதி இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.

காசநோயும் மனநோயும் மறைக்கப்படும் நோய்கள். காசநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் சிகிச்சை கிடைக்கிறது. சிகிச்சை பெறுவோர்க்குச் சத்துணவுக்காக மாதந்தோறும் தரப்படும் தொகை, 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஆயினும் ‘ஊர் என்ன சொல்லும்’ என்று அஞ்சி மாணவர்கள் மறைக்கிறார்கள். மறைத்த நோய் நாள்களையும் விழுங்குகிறது, நுரையீரலையும் விழுங்குகிறது. நோயாளியின் மறைபொருளைக் காப்பது மருத்துவரின் கடமை. நோயின் பெயர் வகுப்பறையில் பரவுமே என்ற அச்சம் இருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சான்றிதழை உறையிலிட்டு முதல்வரிடம் நேரே கொடுங்கள். அச்சத்தால் மருத்துவரிடமே போகாமல் இருப்பதுதான் பெருங்கேடு.

மறுத்தால் என்ன செய்வது?

முறைப்படி கொடுத்த சான்றிதழையும் ஏற்க மறுத்தால், மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதல்வருக்கு விண்ணப்பம் எழுதுங்கள். 2023ஆம் ஆண்டு பல்கலைக் கழக மானியக் குழு வகுத்த விதிகளின்படி, ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கவேண்டும். அதில் பெண் ஒருவரும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரும் இடம்பெற வேண்டும். முறையீடு கிடைத்ததிலிருந்து பதினைந்து வேலை நாளுக்குள் குழு தன் பரிந்துரையைத் தருவதே முறை. ஆகவே தேர்வு தொடங்கும் நாளில் சென்று அழுவதைவிட, ஒரு மாதத்திற்கு முன்னரே சென்று எழுதிக் கொடுப்பது மேல்.

2016ஆம் ஆண்டு டில்லியில், வருகைக் குறைவால் தேர்வெழுத முடியாமற்போன சட்ட மாணவர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதையொட்டி எழுந்த வழக்கில், 2025 நவம்பரில் டில்லி உயர்நீதிமன்றம், வருகைக் குறைவைக் காரணம் காட்டிச் சட்டக் கல்லூரி மாணவரைத் தேர்வெழுதவிடாமல் தடுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அது சட்டக் கல்லூரிகளைப் பற்றிய தீர்ப்பு. கலைக் கல்லூரி மாணவர்கள் அதை நம்பி வீட்டிலிருக்க முடியாது. ஆனால் அதிலிருந்து ஒன்றை உணரவேண்டும். வருகைப் பதிவேட்டின் ஒரு வரி, ஓர் இளம் உயிரைவிடப் பெரியதன்று. தம்பிமார்களே, தங்கைமார்களே! ஒரு பருவம் போனால் மறு பருவம் வரும். மனம் கலங்கும் வேளையில் தனித்திராதீர்கள்; பெற்றோரிடமோ, ஆசிரியரிடமோ, சங்கத்தாரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள்.

உதவித்தொகையோடு உள்ள தொடர்பு

நம் பிள்ளைகளுக்கு இந்தச் சான்றிதழால் இன்னொரு பயனும் உண்டு. பட்டியல் சாதி மாணவர்க்கான மேல்படிப்பு உதவித்தொகைத் திட்டம், நாடு விடுதலை பெறுவதற்கு முன்னரே, 1944ஆம் ஆண்டில் தொடங்கியது. ஒழுங்கான வருகையை அது எதிர்பார்க்கிறது. நோயால் ஆண்டுத் தேர்வை எழுத முடியாமற்போன மாணவர், மருத்துவச் சான்றிதழும் பிற சான்றுகளும் தந்து, கல்வி நிலையத் தலைவரை மனநிறைவு செய்தால், அடுத்த ஆண்டுக்கும் உதவித்தொகை புதுப்பிக்கப்படலாம் என்ற ஏற்பாடு அத்திட்ட விதிகளில் இடம்பெற்று வந்திருக்கிறது. அந்தந்த ஆண்டின் விதியைக் கல்லூரி உதவித்தொகைப் பிரிவில் கேட்டுத் தெளியுங்கள். பணக்கார வீட்டு மாணவனுக்கு இந்தக் காகிதம் ஒரு பருவத்தைக் காப்பாற்றும். நம் மாணவனுக்கோ பருவத்தையும் காப்பாற்றும், சோற்றையும் காப்பாற்றும்.

சங்கத்திற்கு வேண்டுகோள்

நிறைவாக, சங்கப் பெரியோர்களுக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: ஊருக்கு ஒருவராகப் பட்டம் பெற்ற இளைஞரைத் தேர்ந்து, கல்லூரி மாணவர்க்கு வழிகாட்டியாக அமர்த்துங்கள். மாணவர் நோயுற்றால் மருத்துவமனைக்கு உடன்செல்வதும், கல்லூரிக்குத் தகவல் தெரிவிப்பதும், காகிதங்களைச் சரிபார்ப்பதும் அவர் கடமையாகட்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

இரண்டு: வருகைக் குறைவுக் கட்டணம் கட்ட வழியின்றித் தேர்வை இழக்கும் நிலை நம் பிள்ளை ஒருவருக்கும் வரக்கூடாது. சங்க நிதியில் ஒரு சிறு பகுதியை இதற்கென ஒதுக்குங்கள். பின்னர் வேலைக்குச் சென்றதும் அவர் திருப்பித் தரட்டும். அடுத்த மாணவருக்கு அது உதவும்.

மூன்று: ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், புதிதாகக் கல்லூரியில் சேரும் மாணவர்களையும் அவர்தம் பெற்றோரையும் அழைத்து ஒரு மாலை நேரம் இவற்றை விளக்குங்கள். ஓ.பி. சீட்டு என்பது என்ன, அதை ஏன் எறியக்கூடாது என்பதை நம் தாய்மார்கள் அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நில ஆவணத்தையும் சாதிச் சான்றிதழையும் தகரப் பெட்டியில் பூட்டிக் காக்கும் தாய்மார்கள், இந்தச் சீட்டையும் அதே பெட்டியில் வைத்துக் காப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மாணவச் செல்வங்களே! நோய் வராமல் இருக்கட்டும் என்றே உங்களை வாழ்த்துகிறேன். வந்துவிட்டால், உடலுக்கு மருந்து தேடும் அன்றைக்கே படிப்புக்கும் காப்புத் தேடுங்கள். மெய்யைச் சொல்லுங்கள், மெய்யை எழுத்தில் வாங்குங்கள், வாங்கியதைப் பத்திரப்படுத்துங்கள். பொன்விழாக் காணும் நாளில், இம்மலையிலிருந்து கல்லூரி சென்ற பிள்ளைகளில் ஒருவர்கூட ஒரு காகிதம் இல்லாத குறையால் திரும்பி வரவில்லை என்று இச்சங்கம் பெருமையோடு சொல்லட்டும்.